தனிமை போகத் தொண்டு செய்யலாம், சரி. எந்தத் தொண்டு?

போன மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

ஒருவர் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மா. கணவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு சென்னைப் பெரும்பாக்கத்துக்கு வந்துவிட்டார். மகனும் மருமகளும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் கதவு மறுபடி திறக்கும். "பகல் முழுக்க என் குரலையே நான் கேக்கறதில்ல சார்" என்றார். இன்னொருவன் என் தம்பி மகன். 26 வயது, கணினி வேலை, சோழிங்கநல்லூரில் ஒற்றை அறை. திரையில் தினம் இருபது முகங்களைப் பார்க்கிறான். இரவு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எதிரில் ஒரு முகம் இல்லை.

இருவரும் கேட்டது இதுதான்: "எங்கேயாவது சேவை செய்யப் போனா இது சரியாகிடும்ங்கறாங்களே, எதுல சேரலாம்?"

இவர்கள் இரண்டு பேர் மட்டும் இப்படி இல்லை. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பொதுப்பணியில் இறங்குவது அதற்கு ஒரு மருந்து என்பதையும் நான் நம்புகிறேன். ஆனால் எல்லாப் பொதுப்பணியும் அந்த மருந்து ஆகாது. ஓய்வு பெற்ற புதிதில் ஏரி சுத்தம் செய்யும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனேன். இருநூறு பேர், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், கையுறை. மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்கினோம், கடைசியில் எல்லோரும் கையை உயர்த்தி ஒரு படம் எடுத்துக்கொண்டோம். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை, நானும் யார் பெயரையும் கேட்கவில்லை. ஏரி சுத்தமானது உண்மை. நான் போனதைவிடக் கொஞ்சம் அதிகத் தனிமையோடு திரும்பியதும் உண்மை.

## எதை வைத்து அளப்பது

அன்றிலிருந்து நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு நாள் நான் போகவில்லை என்றால், "ஏன் வரல?" என்று யாராவது கேட்பார்களா? அந்த ஏரிக்கு நான் போகாமல் இருந்திருந்தால் ஒரு பனியன் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, எவ்வளவு அடிக்கடி. அமெரிக்காவில் 50 வயது தாண்டியவர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் தரவுகளை வைத்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. துணையை இழந்தபின் தன்னார்வப் பணியில் சேர்ந்து வாரம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ செய்தவர்களின் தனிமை உணர்வு, துணையோடு வாழ்கிறவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது. அதற்கும் குறைவாகச் செய்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இரண்டு மணி நேரத்தை மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை மரம் நடப் போவது இந்தக் கணக்கில் வராது என்று புரிகிறது.

மூன்றாவது, பேச்சுக்கு இடம் உண்டா. வேலையின் நடுவிலோ முடிந்த பிறகோ ஒரு டீக்கு உட்காரும் நேரம் இருக்க வேண்டும். அந்த டீதான் முக்கியம், வேலை அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்வேன். தொண்டுள்ளம் கொண்டவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் வழக்கமானவை: உடம்பு தாங்குமா, கைக்காசு எவ்வளவு போகும், வீட்டில் என்ன சொல்வார்கள், ஒத்துவராவிட்டால் யாரையும் நோகடிக்காமல் விலக முடியுமா. இவற்றை வைத்து ஐந்து பணிகளைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

| பணி | எவ்வளவு அடிக்கடி | போகாவிட்டால் தேடுவது யார் | முன்கூட்டியே சொல்லாத செலவு |
|---|---|---|---|
| உழவாரப்பணி | பெரும்பாலும் மாதம் ஒரு ஞாயிறு | குழுவினர் | முழங்கால், வண்டிக்கான பங்குப் பணம் |
| மாலை வகுப்பு | வாரம் 2 முதல் 5 மாலை | பிள்ளைகள் | நினைத்தவுடன் விலக முடியாது |
| காது கொடுக்கும் வேலை | வாரம் ஒரு முறை, முறை வைத்து | சக தன்னார்வலர்கள் | மனப்பாரம், ரகசியம் |
| ஆமை நடை | ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவுகள் | கூட நடப்பவர்கள் | தூக்கம், மே மாத வெறுமை |
| தேர்வு எழுதிக்கொடுத்தல் | தேர்வுக் காலம் மட்டும் | யாருமில்லை | ஒருவரின் மதிப்பெண் உங்கள் கையில் |

## உழவாரப்பணி, அதன் உறவுக்காரத் தொண்டுகள்

புதிதாக ஊருக்கு வந்தவருக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது. பயிற்சி வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். திருநாவுக்கரசர் கையில் இருக்கும், புல் செதுக்கும் கருவியான உழவாரப்படையின் பெயரால் நடக்கும் இந்தக் கோயில் துப்புரவு வேலைக்கு ஊருக்கு ஊர் குழுக்கள் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, பழைய கோயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேனில் போவார்கள். ஒட்டடை அடிப்பது, பிராகாரத்தில் புல் செதுக்குவது, விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது, எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லைக் கழுவுவது என்று ஆளுக்கு ஒரு வேலை. மதியம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பாடு. நீங்கள் வங்கி மேலாளரா பெயிண்டரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லோரும் "ஐயா", "அம்மா"தான்.

மூன்றாவது அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண். ஒரே குத்துவிளக்கை இரண்டு பேர் பிடித்துத் தேய்க்கும்போது வராத பேச்சு வேறு எங்கே வரும்? போகும் வழியில் ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் வண்டிப் பேச்சு வேறு.

குறை, மாதம் ஒரு முறை என்பதுதான். நடுவில் 29 நாள் காலியாகக் கிடக்கும். அதைக் குழுவின் வாட்ஸப் நிரப்பப் பார்க்கும், காலை ஐந்து மணிக்கே வணக்கப் படங்கள் வந்து விழும். அதைத் தோழமை என்று எடுத்துக்கொள்வதும் தொல்லை என்று எடுத்துக்கொள்வதும் அவரவர் பாடு. வேன் வாடகையில் பங்கு, அன்னதானத்துக்குக் கொஞ்சம், திருப்பணி என்றால் தனி ரசீது. யாரும் வற்புறுத்த மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கொடுக்கும்போது நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஓய்வூதியக்காரர் இதை முதலிலேயே கணக்கில் வைப்பது நல்லது. வேலை குனிந்தும் மண்டியிட்டும் செய்வது. முழங்கால் தேய்ந்தவர் வெட்கப்படாமல் முதல் நாளே "நான் காய்கறி நறுக்குறேன்" என்று சொல்லிவிடலாம்.

போகிறபோக்கில் ஒன்று. சேரும் முன் அந்தக் குழு கல்லை எதை வைத்துக் கழுவுகிறது என்று பாருங்கள். அமிலம் ஊற்றுபவர்களும் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் வருட எழுத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அழித்துவிடும் புண்ணியம் நமக்கு வேண்டாம்.

கிறிஸ்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1833-இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் நம் கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள் பலவற்றில் இயங்குகின்றன. வாராவாரம் கூடுவதும், இரண்டிரண்டு பேராக ஏழைக் குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் அதன் வழக்கம். வாரம் ஒரு முறை, அதே முகங்கள், கூடவே ஒரு துணை. என் அளவுகோலுக்காகவே வடிவமைத்தது போலிருக்கிறது. ரம்ஜானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் வேலை 30 நாளும் தொடர்ச்சியாக வரும். ஒரு மாதத்தில் கிடைக்கும் நெருக்கம் பெரிது, பிறைக்குப் பிறகு எப்படித் தொடர்வது என்பதுதான் கேள்வி.

## மாலை வகுப்பு

என் முதல் கேள்விக்கு இதைவிட உரத்த பதில் தரும் பணி இல்லை. ஒரு நாள் போகாமல் மறுநாள் போய்ப் பாருங்கள், செருப்பைக் கழற்றுவதற்குள் "நேத்து ஏன் மிஸ் வரல?" என்று நாலு குரல் கேட்கும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இந்த வேலையைப் பரவலாக்கியது. ஏறக்குறைய 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது அதன் அமைப்பாக இருந்தது. பல வீடுகளில் பட்டம் வாங்கிவிட்டு அடுப்படியில் இருந்த பெண்களை முதன்முறையாகத் தெருவில் "டீச்சர்" என்று கூப்பிட வைத்தது அது. இப்போதும் நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் மொட்டை மாடிகளிலும் இப்படிப்பட்ட வகுப்புகள் நடக்கின்றன. பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் எங்களைப் போன்றவர்களின் வேலி போட்ட அடுக்ககங்களும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன. நடுவே இருப்பது ஒரு சாலை. அதைக் கடக்க வேறு எந்தச் சாக்கும் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

இப்போது செலவுக் கணக்கு. நோட்டு, பென்சில், வெள்ளிக்கிழமை சுண்டல் எல்லாம் கைக்காசுதான். மாதம் சில நூறு ரூபாய் சத்தமில்லாமல் போகும். தொண்டை கட்டும். ஆறு மாதம் ஓடியாடிவிட்டு அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் என்று நீங்கள் கிளம்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயமில்லை. ஒரு பருவமாவது இருக்க முடியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பேன். பூட்டிய அறையில் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். இது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும்.

பலர் கவனிக்காத குறை வேறொன்று. பிள்ளைகள் அன்பைக் கொட்டுவார்கள், ஆனால் உங்கள் கணவரைப் பற்றியோ சர்க்கரை அளவைப் பற்றியோ எட்டு வயதுக் குழந்தையிடம் பேச முடியாது. தனியாக வகுப்பு எடுப்பவர் சந்தோஷமாகத் திரும்புவார், பேச ஆளில்லாமலே திரும்புவார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஆராய்ந்து பார்த்த எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டத்தில் 60 வயது கடந்தவர்கள் தொடக்கப் பள்ளிகளில் வாரம் 15 மணி நேரம் உதவினார்கள். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, பள்ளிக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்பாமல் ஒரே பள்ளிக்கு ஒரு கூட்டமாகவே அனுப்பியது. பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி கிடைத்தார்கள், தாத்தா பாட்டிகளுக்கு ஒருவருக்கொருவர் கிடைத்தார்கள். நம் ஊரிலும் இரண்டு பேராவது சேர்ந்து எடுக்கும் வகுப்பாகத் தேடுங்கள்.

## காது கொடுக்கும் வேலை

தற்கொலை எண்ணத்தோடு வருபவர்களிடம் பேசும் தொலைபேசிச் சேவைகள், வீட்டில் படுத்துவிட்ட நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் வலிதணிப்புக் குழுக்கள் இரண்டையும் ஒன்றாக வைக்கிறேன். முதல் வகைக்குச் சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா முன்னோடி. இரண்டாவதற்குக் கேரளம்தான் பள்ளிக்கூடம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், பிறகு மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே நடத்தும் வலைப்பின்னலாகப் பரவியது. ஆட்டோ ஓட்டுநரும் ஆசிரியரும் பயிற்சி பெற்று வாரம் சில மணி நேரம் அடுத்த தெரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

தனிமையில் இருப்பவர்களுக்கு இந்த வேலை மேல் ஓர் ஈர்ப்பு வரும். வலி தெரிந்தவர் வலியைக் கேட்பார் என்பது சரிதான். ஹாங்காங்கில் தனிமை உணர்வு உள்ள 50 முதல் 70 வயதுக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, தங்களைவிடத் தனித்திருக்கும் முதியவர்களுக்குத் தொலைபேசியில் பேச வைத்தபோது, பேசியவர்களின் தனிமையும் குறைந்தது தெரியவந்தது.

இருந்தும் அந்த இரண்டாம் மாடி அம்மாவை நான் இங்கே அனுப்பவில்லை. காரணம் உண்டு. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. மூன்று மணி நேரம் அடுத்தவர் துயரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று மகன் கேட்கும்போது "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்ல முடியும். ஏற்கெனவே பேச ஆளில்லாத வீட்டில் இது இன்னொரு பூட்டு. நல்ல அமைப்புகள் இதற்காகவே தன்னார்வலர்கள் தங்களுக்குள் பேசி இறக்கிவைக்க ஏற்பாடு செய்திருக்கும். அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். துக்கம் ஆறாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று காத்திருக்கலாம். துக்கம் கடந்து வந்தவர்கள், நிதானமானவர்கள், வாரம் ஒரு முறை தவறாமல் வர முடிந்தவர்கள் செய்தால் இதற்கு நிகர் இல்லை.

## ஆமை நடை

சென்னைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த கொடுப்பினை என்று சொல்ல ஆசை, ஆனால் நாகப்பட்டினம் கரையிலும் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நள்ளிரவில் நடப்பார்கள். ஒரு மாணவர் அமைப்பு 1988 முதல் இதைச் செய்துவருகிறது. மணலில் ஆமையின் தடத்தைக் கண்டு, குழியைத் தேடி, நூறு சொச்சம் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளியே வரும், அவற்றைக் கடலில் விட வேண்டும்.

கூச்ச சுபாவக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பக்கத்தில் பக்கத்தில் இருட்டில் நடக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் பேசாமல் வந்தாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் பேச்சு தானாக வரும்.

மறுநாள் அலுவலகத்தில் கண் சொக்கும். இரவு வெளியே தங்க வேண்டியிருப்பதால் சில வீடுகளில் பெண்களுக்கு அனுமதி கிடைப்பதே பெரும்பாடு. செத்து ஒதுங்கும் ஆமைகளையும் பார்க்க வேண்டியிருக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின, நடந்தவர்கள் கலங்கிப்போனார்கள். அப்புறம் மே மாதம் வரும். நாலு மாதம் இரவெல்லாம் கூட நடந்தவர்கள் சட்டென்று இல்லாமல் போவார்கள். நடையில் பழகியவர்களோடு கோடையில் ஒரு டீக்காவது ஏற்பாடு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

## தேர்வு எழுதிக்கொடுப்பது

பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வு எழுதுவது அவ்வளவு அவசியமான தொண்டு, ஆட்கள் எப்போதும் போதவில்லை. தனிமைக்கு மருந்தா என்றால், இல்லை. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும், அதனால் 3 மணி நேரத் தாள் 4 மணி நேரம் ஆகும். அந்த 4 மணி நேரமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், ஆனால் கேள்வியைப் படித்துக்காட்டுவது, அவர் சொல்வதை எழுதுவது தவிர வேறு பேச்சுக் கூடாது. தேர்வு முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிவீர்கள். நீண்ட நாள் பொறுப்பேற்க முடியாதவர்கள், ஒரு வேலையில் கட்டுப்பட அஞ்சுபவர்கள் இதில் தொடங்கலாம்.

## வீட்டைவிட்டு வர முடியாதவர்கள்

படுக்கையில் இருக்கும் கணவரையோ தாயையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு இணையம்தான் வழி. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் வளர்ந்தது. விக்கிப்பீடியாவின் உறவான இணைய நூலகம் விக்கிமூலத்திலும் தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் செய்யலாம். பெயர் தெரிந்த நாலு பேர் கிடைப்பார்கள், குரல் கிடைக்காது. முகம் பார்க்கும் கூட்டங்கள் எப்போதாவது நடக்கும், அதற்கு ஒரு நாள் மாற்றாள் வைத்துவிட்டாவது போய் வாருங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை விட்டுவிடக் கூடாது. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது தொண்டால் தீர்கிற தனிமை இல்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தொண்டு அப்புறம்.

## அந்த இருவருக்கும்

அம்மாவுக்கு மாலை வகுப்பைச் சொன்னேன். தனியாக இல்லை, ஏற்கெனவே இரண்டு பேர் நடத்தும் வகுப்பில் மூன்றாவது ஆளாக. திருச்சியில் வருடக்கணக்கில் அக்கம்பக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், கை பழகிய வேலை. மருமகள் முதலில் முகம் சுளித்தார்: "வீட்ல நாங்க ஏதோ கவனிக்காத மாதிரி..." இப்படி வரும் என்று தெரிந்துதான் இருந்தோம். அம்மா மகனை ஒரு நாள் வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போனார், அதோடு அந்தப் பேச்சு நின்றது.

தம்பி மகனுக்கு ஆமை நடைதான் சரி என்று பட்டது. கூச்சக்காரன், ராக்கோழி, நடப்பதற்குச் சளைக்காதவன். ஆனால் அவன் கேட்டது ஜூலையில். "ஜனவரி வரைக்கும் நான் என்ன பண்றது பெரியப்பா?" என்றான். இந்த ஞாயிறு எங்கள் குழு காஞ்சிபுரம் பக்கம் ஒரு கோயிலுக்குப் போகிறது, வந்து புல் செதுக்கேன் என்றேன். சாமி நம்பிக்கை எல்லாம் தனக்கு அவ்வளவாக இல்லையே என்று இழுத்தான். புல்லுக்கும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"மத்தியானம் சாப்பாடு அங்கேயேவா?"